நடத்துநர் சொல்லும் நேரமும் திரை காட்டும் நேரமும்

புதுச்சேரிப் பேருந்துகளை முன்வைத்து ஓர் ஒப்பாய்வு

புதுச்சேரி மறைமலை அடிகள் சாலைப் பேருந்து நிலையத்தில் நிற்கும் ஒருவருக்கு, தான் போக வேண்டிய ஊருக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்வோம் என்று அறிய இன்று இரண்டு வழிகள் உண்டு. படிக்கட்டருகே நிற்கும் நடத்துநரைக் கேட்கலாம். கைபேசியை எடுத்துப் பார்க்கலாம். ஒரே பஸ், ஒரே சாலை. ஆனாலும் இரண்டு பதில்களும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. இளைஞர்கள் திரையை நம்புகிறார்கள், பெரியவர்கள் நடத்துநரை நம்புகிறார்கள் என்று இதை வயதுக் கணக்கில் முடித்துவிடுவது எளிது. அது போதாது. இரண்டு பதில்களும் எங்கே பிறக்கின்றன, எங்கே பிழைக்கின்றன, பிழைத்தால் யாருக்கு நட்டம் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பயணிக்கு எது உதவும் என்பது விளங்கும்.

பஸ் நேரம் சிறிய விஷயம் என்று நான் நினைக்கவில்லை. கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மருக்கு விழுப்புரம், கடலூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து விடியற்காலையில் கிளம்பி வருகிறவர்கள் எத்தனையோ பேர். வெளிநோயாளர் பதிவு முடிந்த பிறகு வந்து சேர்ந்தால் ஒரு நாள் கூலியும் போய், இன்னொரு நாள் திரும்பவும் வர வேண்டும். மதகடிப்பட்டுப் பக்கத்துக் கல்லூரிகளுக்குப் போகும் மாணவர்கள், தொழிற்பேட்டையில் ஷிப்ட் மாறும் தொழிலாளர்கள், சாயங்காலம் சென்னையில் வேறு ஊர் வண்டியைப் பிடிக்க வேண்டியவர்கள் எல்லாருக்கும் அந்த ஒரு எண்ணை நம்பித்தான் அன்றைய நாள் நகர்கிறது.

எண் பிறக்கும் இடம்

நடத்துநரின் கணக்கு அனுபவத்திலிருந்து வருகிறது. ஒரே தடத்தில் நாள்தோறும் பல நடை ஓடுபவர் அவர். வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட ஓடு நேரத்தை, ‘ரன்னிங் டைம்’ என்று அவர்கள் சொல்வதை, மனப்பாடமாக வைத்திருப்பவர். திங்கள் காலை எந்த நிறுத்தத்தில் கூட்டம் ஏறும், சந்தை நாளில் எங்கே மூட்டை ஏறும், எந்த ஓட்டுநர் எப்படி ஓட்டுவார் என்பதெல்லாம் அவர் பதிலுக்குள் அடங்கியிருக்கும். கடலூர் வண்டியில் ஒரு அம்மா, "எவ்வளவு நேரம் ஆவும் தம்பி?" என்று கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "ஒரு மணி நேரம் வச்சுக்கங்கம்மா. ரயில்வே கேட் போட்டுட்டான்னா இன்னும் பத்து நிமிஷம் சேத்துக்கங்க."

திரையின் கணக்கு வேறு. அதற்கு மூன்று மூலங்கள் இருக்கலாம். முதலாவது, போக்குவரத்துக் கழகம் கொடுத்த கால அட்டவணை. அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரப் போக்குவரத்து நிறுவனமான ட்ரைமெட்டும் கூகுளும் 2005-இல் இதற்கென ஒரு பொதுவான கோப்பு வடிவத்தை உருவாக்கின. உலகின் பெரும்பாலான பஸ் அட்டவணைகள் இன்று அந்த வடிவில்தான் வரைபடங்களுக்குப் போகின்றன. இரண்டாவது, பஸ்ஸில் பொருத்திய ஜி.பி.எஸ். கருவி அனுப்பும் இருப்பிடம். சென்னை மாநகர் போக்குவரத்துக் கழகத்துப் பேருந்துகளுக்காக 2022 மே மாதம் வந்த ‘சென்னை பஸ்’ செயலி இந்த வகை. மூன்றாவது, பஸ்ஸைப் பற்றிய நேரடித் தகவல் இல்லாதபோது, அதே சாலையில் ஓடும் மற்ற வாகனங்களின் வேகத்தை வைத்துச் செய்யும் ஊகம். கூகுள் வரைபடம் 2019 ஜூனில் இந்த முறையைச் சென்னை, கோயம்புத்தூர் உள்ளிட்ட பத்து இந்திய நகரங்களுக்குக் கொண்டுவந்தது. புதுச்சேரி அந்தப் பட்டியலில் இல்லை.

நடத்துநர் பஸ்ஸை அறிந்தவர். திரை சாலையை அறிந்தது. இரண்டின் பிழைகளும் இந்த வேறுபாட்டிலிருந்தே கிளைக்கின்றன.

நிற்கும் பஸ்

மிகப் பெரிய பிழை பஸ் ஓடும்போது நேர்வதில்லை, கிளம்புவதற்கு முன்பே நேர்ந்துவிடுகிறது. நிலையத்தில் நிற்கும் வண்டியின் இருப்பிடத்தைச் செயற்கைக்கோள் சரியாகவே சொல்லும்; அது எப்போது நகரும் என்று செயற்கைக்கோளுக்குத் தெரியாது. உலகின் பல ஊர்களிலும் வருகை நேரக் கணிப்பு அதிகம் தடுமாறுவது தடம் தொடங்கும் இடத்தில்தான்.

புதுச்சேரியில் இது இன்னும் கூர்மையான சிக்கல். விழுப்புரம், கடலூர், திண்டிவனம் தடங்களில் புதுச்சேரி அரசுப் பேருந்துகளும், விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பேருந்துகளும், தனியார் பேருந்துகளும் அடுத்தடுத்து ஓடுகின்றன. ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் இடைவெளி சில நிமிடங்களே. முன்னே போகும் வண்டி வழிநெடுகக் காத்திருக்கும் பயணிகளை அள்ளிக்கொண்டு போய்விடும் என்பதால் அந்த நிமிடங்கள்தான் அன்றைய வசூலைத் தீர்மானிக்கின்றன. ‘டைமிங்’ தகராறு பஸ் தொழிலில் பழைய விஷயம். நிலையத்தில் உருட்டிக்கொண்டே நிற்பது, சாலையில் அடுத்த வண்டியை முந்தவிடாமல் விரட்டுவது எல்லாம் இதன் விளைவுகள்.

இந்த இடத்தில் நடத்துநர் திரையை வென்றுவிடுகிறார். முன்வண்டி எப்போது போனது, தன் நேரம் எது, வண்டிகளை நேரப்படி அனுப்பும் டைம் கீப்பர் எப்போது விசில் ஊதுவார் என்பது அவருக்குத் தெரியும். திரைக்கு இது எதுவும் தெரியாது. அட்டவணையில் இருக்கும் நேரத்தை அப்படியே ஒப்பிக்கும். ஆனால் நடத்துநரின் பதிலிலும் ஒரு சாய்வு உண்டு. வண்டி கிளம்பப்போகிறது என்று சொல்லி ஆள் ஏற்றுவது அவருடைய பிழைப்பு. "இதோ எடுத்துடுவோம்" என்ற சொல்லை எத்தனை நிமிடமாக எடுத்துக்கொள்வது என்பது பயணியின் அனுபவத்தைப் பொறுத்தது.

ஓடும் பஸ்

வண்டி கிளம்பிவிட்டால் நிலைமை மாறுகிறது. இந்திரா காந்தி சிலைச் சந்திப்பையும் ராஜீவ் காந்தி சிலைச் சந்திப்பையும் தாண்ட எவ்வளவு நேரமாகும் என்பதை அந்த நிமிடத்தில் சொல்லக்கூடியது திரைதான். சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்து வரும் கார்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையை நிறைக்கும்போது, மரக்காணம் அருகே என்ன நடக்கிறது என்று புதுச்சேரியில் நிற்கும் நடத்துநருக்குத் தெரிய வழியில்லை. எதிரே வந்த வண்டிக்காரர் ஒருவர் கையசைத்துச் சொன்னால் உண்டு. சுமார் 150 கிலோமீட்டர் சென்னைப் பயணத்தில் இது பெரிய வேறுபாடு.

ஆனால் சாலையின் வேகம் பஸ்ஸின் வேகம் ஆகாது. கார் நிற்காத இடத்தில் பஸ் நிற்கிறது. ஆள் இறங்கி, ஏறி, மூட்டையை உள்ளே தள்ளி, மறுபடி வேகமெடுக்கிறது. கூகுளின் ஆய்வாளர்கள் 2019-இல் தங்கள் முறையை விளக்கியபோது, பஸ் பயணத்தைச் சாலைத் துண்டுகளாகவும் நிறுத்தங்களாகவும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நேரத்தைக் கணிப்பதாகச் சொன்னார்கள். கார் நேரத்தோடு ஒரு விகிதத்தைக் கூட்டினால் பஸ் நேரம் வந்துவிடாது என்பதை அவர்கள் ஏற்றுக்கொண்டதன் விளைவு அது. அப்படிப்பட்ட கணிப்பு இல்லாத ஊரில் பயணி பார்ப்பது வெறும் அட்டவணை நேரத்தை, அல்லது கார் ஓடும் நேரத்தை. கார் நேரத்தைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் ஏறுகிறவர் தாமதமாக வருவது உறுதி.

நம் சாலைகளுக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. தடம் பிரித்து ஓடாத, சைக்கிளும் மாட்டு வண்டியும் லாரியும் கலந்த நெரிசல் இது. மேலைநாட்டுச் சூத்திரங்களை இங்கே அப்படியே பொருத்த முடியாது. சென்னை ஐ.ஐ.டி.யில் லெலிதா வனஜாட்சி, எஸ்.சி. சுப்பிரமணியன், ஆர். சிவநந்தன் ஆகியோர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் எடுத்துக்கொண்டது. சென்னை பஸ்களின் ஜி.பி.எஸ். தரவைக் கொண்டு, சற்று முன்னால் அதே தடத்தில் போன வண்டிகள் எடுத்த நேரத்திலிருந்து அடுத்த வண்டி எடுக்கப்போகும் நேரத்தை, கால்மன் வடிகட்டி என்ற கணித முறையால் கணித்தார்கள். புதிதாக ஓர் அளவீடு வரும்போதெல்லாம் பழைய கணிப்பைத் திருத்திக்கொள்வது இம்முறையின் உயிர்நாடி.

கொஞ்சம் யோசித்தால், நல்ல நடத்துநர் மனத்துக்குள் செய்வதும் இதே வேலைதான் என்பது புரியும். முன்வண்டி எவ்வளவு நேரத்தில் போனது, அன்று சாலை எப்படி என்று பார்த்துத் தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறார். வேறுபாடு, அவரிடம் இருப்பது ஒரு வண்டியின் கணக்கு. கணினியிடம் எல்லா வண்டிகளின் கணக்கும் இருக்க முடியும். அந்தத் தரவு யாரிடமிருந்து வர வேண்டும் என்பதில்தான் புதுச்சேரியின் வரலாறு குறுக்கே வந்து நிற்கிறது.

எல்லை தாண்டும் தடம்

பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற நிலம் ஒரே துண்டாக இல்லை. 1954 நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்த பிறகும் எல்லைக் கோடுகள் அப்படியே இருக்கின்றன. விழுப்புரம் போகும் பஸ் வில்லியனூர் தாண்டிக் கண்டமங்கலத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது; திருபுவனையிலும் மதகடிப்பட்டிலும் மறுபடி புதுச்சேரி; வளவனூரில் திரும்பவும் தமிழ்நாடு. சுமார் 40 கிலோமீட்டர் தூரத்துக்குள் இரண்டு அரசுகளின் காவல்துறை, இரண்டு போக்குவரத்துத் துறைகள், இரண்டு கழகங்கள், பல தனியார் உரிமையாளர்கள்.

நடத்துநருக்கு இந்த எல்லை ஒரு பொருட்டில்லை. எந்த அரசின் சாலையில் பள்ளம் தோண்டியிருந்தாலும் அவருக்குப் பள்ளம் பள்ளமே. திரைக்கு அப்படி இல்லை. ஒரு கழகம் தன் பஸ்களின் இருப்பிடத்தைத் தந்து மற்றவர்கள் தராவிட்டால், அது காட்டும் ‘அடுத்த பஸ்’ உண்மையில் அடுத்த பஸ் ஆகாது. பயணி இருபது நிமிடம் காத்திருக்கச் சொல்லும் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணெதிரே இரண்டு தனியார் வண்டிகள் போய்விடும். ஒரே நிறுவனத்தின் கையில் மாநகரப் பேருந்துகள் பெரும்பாலும் இருக்கும் சென்னைக்கும், பல கைகளில் சிதறிக் கிடக்கும் புதுச்சேரித் தடங்களுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இது.

கருவி இல்லாதது தடையில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி 2019 ஜனவரி முதல் புதிதாகப் பதிவாகும் பொதுப் பேருந்துகளில் இருப்பிடம் காட்டும் கருவி கட்டாயம். இரு அரசுகளும் அந்தத் தரவைப் பொதுவில் சேர்ப்பதற்கு மனம் வைக்க வேண்டும்.

புயல் நாளில்

வழக்கமான நாளில் தேறிவிடும் கணக்கு, வழக்கம் குலையும் நாளில் என்ன ஆகிறது? 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த நாட்களில் தென்பெண்ணையாற்று வெள்ளம் கடலூர்ச் சாலைப் போக்குவரத்தையும் பாதித்தது.

கடந்தகாலத் தரவில் ஊன்றிய எந்தக் கணிப்புக்கும் இப்படி ஒரு நாள் முன்மாதிரியாகக் கிடைத்திருக்காது. சாலையில் வாகனமே இல்லாவிட்டால் நெரிசல் இல்லை என்றுகூட ஒரு கணினி எடுத்துக்கொள்ளும். நடத்துநரோ, "பாலம் வரைக்கும்தான் வண்டி போவும், அதுக்கப்புறம் தெரியாது" என்பார். ‘தெரியாது’ என்பதும் ஒரு தகவல். பல திரைகளும் அதைச் சொல்லக் கற்றுக்கொள்ளவில்லை என்பது பெரிய குறை. கணிப்பில் நம்பிக்கை குறையும்போது எண்ணை எடுத்துவிட்டு அதைச் சொல்லிவிடுவதே நேர்மை.

பிழையின் திசை

எவ்வளவு பிழை என்பதோடு எந்தப் பக்கம் பிழை என்பதும் முக்கியம். ஐந்து நிமிடத்தில் வரும் என்ற பஸ் எட்டு நிமிடத்தில் வந்தால் மூன்று நிமிடம் போகும். எட்டு நிமிடம் என்று காட்டிய பஸ் ஐந்தாவது நிமிடத்திலேயே வந்து போய்விட்டால், அடுத்த பஸ் வரும் வரை போகும்; அது கடைசி வண்டியாக இருந்தால் இரவே போகும். ஆகவே நிறுத்தத்தில் காட்டும் வருகை நேரம் சற்று முந்திய பக்கமாகவும், போய்ச் சேரும் நேரம் சற்றுப் பிந்திய பக்கமாகவும் இருப்பதே பயணிக்குப் பாதுகாப்பு.

நடத்துநர்கள் போய்ச் சேரும் நேரத்தைச் சற்றுக் கூட்டிச் சொல்வது இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. சொன்னதைவிட முன்னால் போய்ச் சேர்ந்தவர் யாரும் சண்டைக்கு வருவதில்லை. திரை பெரும்பாலும் சராசரியையே காட்டுகிறது. அதில் என்ன ஆபத்து? ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு தடத்தில் பத்து நாட்கள் ஆன நேரம் 48, 49, 50, 50, 51, 52, 55, 60, 65, 80 நிமிடங்கள். சராசரி 56. அந்த 56-ஐ நம்பிக் கிளம்பியவர் பத்தில் மூன்று நாள் தாமதமாவார். ஜிப்மர் பதிவுக்கோ தேர்வுக்கோ போகிறவருக்கு அது ஆகாது. பத்தில் ஒன்பது நாள் சரியாக வர வேண்டுமென்றால் அவர் 65 நிமிடம் வைத்துக்கொள்ள வேண்டும். ஊர் சுற்றிப் பார்க்க வந்தவருக்கு 52 போதும். ஒரே தடத்துக்கு இரண்டு பேருக்கு இரண்டு எண்கள் தேவைப்படுகின்றன. ஒற்றை எண்ணைக் காட்டும் திரை இருவரில் ஒருவரையாவது ஏமாற்றுகிறது.

சொல்லும் விதம்

இந்த ஒப்பீட்டில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். நடத்துநர் ஒரு நிபந்தனையோடு பேசுகிறார்: கேட் போட்டால் இவ்வளவு, போடாவிட்டால் இவ்வளவு. திரை நிபந்தனை இல்லாமல் பேசுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே சென்னை போக ‘3 மணி 22 நிமிடம்’ என்று காட்டினால், அந்த நிமிடத் துல்லியம் கணக்கிலிருந்து தானாக விழுந்த எண். சாலையில் அப்படிப்பட்ட துல்லியம் கிடையாது. நடத்துநர் சுற்றி வளைத்துச் சொல்கிறார் என்று நாம் நினைப்பது உண்மையில் கணிப்பின் ஏற்ற இறக்கத்தைச் சரியாகச் சொல்லும் முறை.

இதை ஆய்வுகளும் தாங்கிப்பிடிக்கின்றன. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேத்யூ கே உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2016-இல், பஸ் வரக்கூடிய நேரங்களை ஒற்றை எண்ணாகக் காட்டாமல் புள்ளிகளின் அடுக்காகக் காட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு வாய்ப்பு. புள்ளிகள் குவிந்த இடத்தில் பஸ் வரும் வாய்ப்பு அதிகம். இவ்வகைப் படங்கள் சாதாரணப் பயணிகளுக்கும் புரிந்தன. 2018-இல் வந்த தொடர் ஆய்வில், எப்போது வீட்டைவிட்டுக் கிளம்புவது என்ற முடிவை எடுக்கவும் அவை உதவின. வரம்பைச் சொன்னால் மக்கள் குழம்பிவிடுவார்கள் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை.

அதேவேளை, திரையை ஒதுக்கிவிடவும் முடியாது. அதே சியாட்டிலில் கேரி வாட்கின்ஸும் உடனாய்வாளர்களும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, கைபேசியில் நேரடி பஸ் தகவல் பெற்றவர்கள் உண்மையாகவே கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் குறைவாகக் காத்திருந்ததையும், தகவல் இல்லாதவர்களுக்குக் காத்திருந்த நேரம் உள்ளதைவிட நீளமாகத் தோன்றியதையும் காட்டியது. லண்டனில் 1992-இல் 18-ஆம் எண் தடத்தில் சோதனையாகத் தொடங்கிய வருகை நேரப் பலகைகள் பிறகு நகரெங்கும் பரவியது இந்த நிம்மதிக்காகத்தான். காது கேளாதவருக்கும், ஊர்மொழி தெரியாதவருக்கும், இரவில் தனியே நிற்கும் பெண்ணுக்கும் யாரையும் கேட்காமல் கிடைக்கும் தகவல் ஓர் உரிமை. நடத்துநர் வண்டியில் இருப்பவருக்குத்தான் பதில் சொல்வார். கிருமாம்பாக்கம் நிறுத்தத்தில் நிற்பவருக்கு அவர் குரல் கேட்காது.

பொறுப்பு யாருக்கு

நடத்துநர் தவறாகச் சொன்னால் அதே வண்டியில் அவரையே கேட்டுவிடலாம். அடுத்த நாளும் அவரைப் பார்க்கப்போகிறோம் என்பது இருவருக்கும் தெரியும். திரை தவறினால் கேட்க ஆளில்லை. நேற்று அது சொன்னது எவ்வளவு சரி என்று திரும்பிப் பார்க்கப் பயணிக்கு வழியும் இல்லை.

இதற்கு வழி உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் போக்குவரத்து நிறுவனம் தன் கணிப்புகள் எவ்வளவு பலித்தன என்பதைப் பொதுவில் வெளியிடுகிறது. வர மூன்று நிமிடத்துக்குள் இருக்கும் வண்டி, மூன்று முதல் ஆறு, ஆறு முதல் பன்னிரண்டு, பன்னிரண்டு முதல் முப்பது நிமிடம் என்று தனித்தனியே பிரித்து, தூரம் கூடக் கூட அனுமதிக்கும் பிழையையும் கூட்டி மதிப்பிடுகிறார்கள். தொலைவில் இருக்கும் வண்டியின் கணிப்பு தளர்வாகத்தான் இருக்கும் என்பதை ஏற்றுக்கொண்ட, நேர்மையான அளவுகோல் அது.

நம் சட்டத்திலேயே இதற்கு விதை இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 72-ஆவது பிரிவு, பஸ் பர்மிட்டில் விதிக்கக்கூடிய நிபந்தனைகளைச் சொல்கிறது. அங்கீகரித்த கால அட்டவணையை வண்டியிலும் குறிப்பிட்ட நிறுத்தங்களிலும் ஒட்டி வைக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அட்டவணையிலிருந்து இவ்வளவு விலகலாம் என்று வட்டாரப் போக்குவரத்து ஆணையம் குறிக்கும் வரம்புக்குள் வண்டி ஓட வேண்டும் என்பது இன்னொன்று. எண்ணோடு வரம்பையும் சேர்த்துத்தான் நேரத்தைச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம், கைபேசி வருவதற்கு முன்பே சட்டத்தில் எழுதப்பட்டுவிட்டது.

ஒப்பீடு தரும் முடிவு

கிளம்பும் நேரத்திலும், நிறுத்தங்களின் இயல்பிலும், அசாதாரண நாளிலும், பதிலைச் சொல்லும் விதத்திலும் நடத்துநர் முந்துகிறார். தொலைவில் இருக்கும் நெரிசலை அறிவதிலும், வழியில் நிற்பவருக்குத் தகவல் சேர்ப்பதிலும், நிமிடத்துக்கு நிமிடம் திருத்திக்கொள்வதிலும் திரை முந்துகிறது. ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிக்க வேண்டிய தேவை இல்லை. திரைக்கு நடத்துநரின் அறிவு தேவை, நடத்துநருக்குத் திரையின் கண்கள் தேவை.

புதுச்சேரிக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால் என் பதில் தெளிவானது. முதலில், இரு அரசுக் கழகங்களும் தனியாரும் ஒரே தடத்தில் ஓடும் எல்லா வண்டிகளின் இருப்பிடத்தையும் ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும். மாநிலங்களுக்கிடையே பர்மிட் ஒப்பந்தம் செய்துகொள்கிற இரு துறைகளும் அந்த ஒப்பந்தத்திலேயே இதையும் ஒரு நிபந்தனையாக வைக்கலாம். இரண்டாவது, கிளம்பும் நேரத்தை டைம் கீப்பரின் பதிவிலிருந்து நேராகத் திரைக்குக் கொண்டுவர வேண்டும். மூன்றாவது, பலகையில் ஒற்றை நிமிடம் வேண்டாம். ‘விழுப்புரம், 55 முதல் 75 நிமிடம்’ என்பதுபோல வரம்பும், கேட் மூடியிருந்தால் அதுவும், தெரியாவிட்டால் தெரியாது என்பதும் வர வேண்டும். நான்காவது, மாதம் ஒரு முறை கணிப்பு எவ்வளவு பலித்தது என்று தடம்வாரியாக வெளியிட வேண்டும்.

நான்கில் முதலாவதுக்குத்தான் பணமும் பேச்சுவார்த்தையும் வேண்டும். மூன்றாவதை நாளையே தொடங்கிவிடலாம். நிலையத்தில் ஒரு கரும்பலகையும், நாள்தோறும் அந்தத் தடத்தில் ஓடும் நடத்துநர்கள் சொல்லும் இரண்டு எண்களும் போதும். பயணிக்கு நாம் தர வேண்டியது துல்லியம்போலத் தோன்றும் எண்ணை அல்ல, அவர் நம்பித் திட்டமிடக்கூடிய நேரத்தை.